குடுக்கை உடையும் முன்

லாட்டரிச் சீட்டும் பாஸ்புக்கும் பக்கத்துப் பக்கத்தில் விற்பனையாகும் திருவனந்தபுரத்தில், பிள்ளைகளின் பெயரில் போடப்படும் சிறு தொகைகளுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் பாடங்களும் உண்டு, காயங்களும் உண்டு.

2022 செப்டம்பர். ஓணம் பம்பர் லாட்டரி குலுக்கலுக்கு முந்தைய இரவு. திருவனந்தபுரத்தில் ஒரு தகப்பன் கையில் போதிய பணம் இல்லாததால் தன் குழந்தையின் குடுக்கையை உடைத்தார். உள்ளே இருந்த சில்லறையை எண்ணி, குறைந்ததை வேறு வழியில் புரட்டி, 500 ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கினார். மறுநாள் அந்தச் சீட்டுக்கே முதல் பரிசு 25 கோடி ரூபாய் விழுந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகள் அந்த உடைந்த உண்டியலைப் பற்றி எழுதின.

ஆனால் எழுதப்படாத கதை ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு விற்ற ஓணம் பம்பர் சீட்டுகள் 60 லட்சத்துக்கும் மேல். அவற்றில் எத்தனை சீட்டுகள் வேறு குழந்தைகளின் குடுக்கைகளிலிருந்து வந்தவை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்தக் குடுக்கைகள் உடைந்தன, பணம் திரும்பவில்லை.

கேரளத் தலைநகருக்கு இந்த முரண் புதிதல்ல. இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாநில அரசே லாட்டரி நடத்தத் தொடங்கியது இங்கேதான். 1967ல் துறை அமைந்தது. அப்போதைய நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞுவின் யோசனை அது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல். சீட்டின் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடு 2003ல் லாட்டரியைத் தடை செய்த பிறகும், களியக்காவிளை எல்லையைத் தாண்டி வந்து சீட்டு வாங்கிப் போகிறவர்கள் குறையவில்லை. அதே நகரத்தில்தான் பிள்ளைகளைச் சேமிக்கப் பழக்கும் ஏற்பாடுகளும் தலைமுறைகளாக நடக்கின்றன. ஒரே சட்டைப்பையில் இரண்டு பழக்கங்கள். எது ஜெயிக்கிறது என்பது பெரும்பாலும் குழந்தைக்குப் பத்து வயதாகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்து வங்கி

நடுவயதைத் தாண்டிய கேரளத்தவரையும் தமிழரையும் கேட்டால், ‘சஞ்சாயிகா’ என்ற சொல்லுக்கு முகம் மலரும். பள்ளியிலேயே ஒரு குட்டி வங்கி. பிள்ளைகளே பணம் வாங்கி, பிள்ளைகளே கணக்கெழுதி, ஆசிரியர் மேற்பார்வையில் அஞ்சலகத்தில் கட்டுவார்கள். 50 பைசா, ஒரு ரூபாய் என்று சேர்ந்த தொகை கல்விச் சுற்றுலாவுக்கோ அடுத்த ஆண்டுப் புத்தகத்துக்கோ உதவியது. தொகை அற்பம்தான். ஆனால் தன் பெயர் எழுதிய அட்டையில் எண் ஏறுவதைப் பார்க்கும் குழந்தைக்கு அது வேறு உலகம்.

கேரளத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. சமஸ்தான காலத்து வழக்கத்தின் தொடர்ச்சியாக, மாநில அரசின் கருவூலமே இங்கு சேமிப்பு வங்கி நடத்துகிறது. பென்ஷன்காரர்கள் முதல் அரசு ஊழியர்கள் வரை கருவூல பாஸ்புக் வைத்திருப்பது மற்ற மாநிலத்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1945ல் திருவிதாங்கூர் பாங்க் என்ற பெயரில் பிறந்து, பிறகு ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் ஆன வங்கியும் இந்த நகரத்துக்காரர்கள் பலருக்கு முதல் பாஸ்புக்கைக் கொடுத்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அது ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்தபோது, கணக்குகள் தொடர்ந்தன. பெயர் மட்டும் போயிற்று.

2019ல் உருவான கேரள பாங்க், 2021 நவம்பரில் ‘வித்யாநிதி’ என்ற பெயரில் 12 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குத் தனிக் கணக்கைத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியும் விதிகளைத் தெளிவாக்கியது. பத்து வயது நிறைந்த சிறுவர் சிறுமியர், வங்கி வகுக்கும் வரம்புக்கு உட்பட்டு, தாங்களே சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்கி இயக்கலாம். அதற்கும் சிறிய குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தாயும் காப்பாளராக இருக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கி 1976லேயே ஏற்றுக்கொண்டது. கணவர் வளைகுடாவில், மனைவி ஊரில் என்று வாழும் கேரளக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

காலம் என்ற கூட்டாளி

சீக்கிரம் தொடங்குவதால் என்ன லாபம்? பதில் கூட்டு வட்டியில் இருக்கிறது. இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதல் குடும்பம் குழந்தை பிறந்த மாதத்திலிருந்தே மாதம் 500 ரூபாய் போடுகிறது. ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ச்சி என்று வைத்தால், 18 வயதில் ஏறத்தாழ 2.15 லட்சம் ரூபாய் கையில் இருக்கும். போட்டது 1,08,000 ரூபாய்.

இரண்டாவது குடும்பம் ஒன்பது வயது வரை யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. அதுவும் மொத்தத்தில் அதே 1,08,000 ரூபாய்தான் போடுகிறது. 18 வயதில் கிடைப்பது ஏறத்தாழ 1.5 லட்சம். அதே பணம், அதே வட்டி. தாமதத்தின் விலை 65,000 ரூபாய். பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று அறிய, 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும் என்பது கணக்கர்களின் பழைய சூத்திரம். 7 சதவீதத்தில் பத்து ஆண்டுக்குச் சற்று மேல். 9 சதவீதத்தில் எட்டு ஆண்டு.

இந்த இனிப்பான கணக்கில் ஒரு கசப்பும் இருக்கிறது. விலைவாசியும் கூட்டு வட்டியில்தான் ஏறுகிறது. கல்விச் செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று ஒரு லட்சம் ரூபாயில் முடியும் படிப்புக்கு 18 ஆண்டில் 2.85 லட்சம் வேண்டும். ஆக, 7 சதவீத வட்டி என்பது ஓட்டப் பந்தயத்தில் விலைவாசிக்கு ஒரு முழம் முன்னால் ஓடுவதுதான். சாதாரண சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுபவர் பின்னால் ஓடுகிறார். அது அவருக்குத் தெரிவதில்லை.

பெண்ணுக்கு, பையனுக்கு

பெண் குழந்தை பிறந்ததும் பவன் கணக்கில் நகை சேர்ப்பது கேரளத்தில் எழுதப்படாத சட்டம். சாலை பஜாரின் நகைக் கடைகள் அதற்குச் சாட்சி. தங்கத்தின் விலை நீண்ட காலத்தில் ஏறியிருப்பது உண்மை. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடுகின்றன; பெட்டிக்குள் இருக்கும் நகை வட்டி ஈட்டுவதில்லை. தங்கத்தையே வட்டியோடு தந்த அரசின் தங்கப் பத்திரங்கள் 2015ல் தொடங்கின. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடப்படவில்லை.

2015 ஜனவரியில் அறிமுகமான சுகன்யா சம்ருத்தி, தமிழில் செல்வமகள் சேமிப்புத் திட்டம், பல வீடுகளில் நகைப் பெட்டிக்குப் போட்டியாக வந்திருக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டு கட்டினால் போதும்; 21 ஆண்டில் முதிர்வு. 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். இந்தியாவில் வசிக்கும் குழந்தையின் பெயரில்தான் புதிய கணக்குத் தொடங்க முடியும் என்பதை வளைகுடாக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பையன்களுக்கு 1968ல் தொடங்கிய பி.பி.எஃப். இருக்கிறது. தமிழ்நாட்டு அஞ்சல் வட்டம் 2015ல் அதையே ‘பொன்மகன் பொது வைப்பு நிதி’ என்ற பெயரில் விளம்பரப்படுத்தியது. காப்பாளரின் சொந்தக் கணக்கும் குழந்தையின் கணக்கும் சேர்ந்து ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் வரம்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் இன்றைய வட்டியே என்றைக்கும் இருக்கும் என்று நம்புவது தவறு. செல்வமகள் திட்டம் தொடங்கியபோது வட்டி 9.1 சதவீதம், பிறகு இறங்கி, 2024 ஜனவரியில் 8.2 சதவீதத்துக்கு வந்தது. பி.பி.எஃப். 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 சதவீதம் கொடுத்தது. 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைந்தது. இருபதாண்டுத் திட்டம் போடுகிறவர், வட்டி இறங்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே போட வேண்டும்.

2024 செப்டம்பர் 18 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடங்கிவைத்த என்.பி.எஸ். வாத்சல்யா இன்னும் தூரத்தைப் பார்க்கிறது. குழந்தையின் பெயரில் ஓய்வூதியக் கணக்கு அது. 18 வயதுக்குப் பிறகு அதைச் சாதாரண என்.பி.எஸ். கணக்காக மாற்றிக்கொள்ளலாம். கல்லூரிச் செலவுக்கு மட்டும் பணம் சேர்க்கிறவர்களுக்கு இது முதல் தேர்வு அல்ல. பிள்ளையின் முதுமைக்கே விதை போட விரும்புகிறவர்களுக்கு உரியது.

பொய்த்த வாக்குறுதிகள்

குழந்தையின் எதிர்காலம் என்ற சொல்லைவிடச் சுலபமாக விற்கும் சரக்கு வேறில்லை. அதனால்தான் அந்தச் சொல்லை அரசு நிறுவனங்களும் பயன்படுத்தின, மோசடிக்காரர்களும் பயன்படுத்தினார்கள்.

1993 நவம்பரில் குஜராத்தின் சர்தார் சரோவர் நர்மதா நிகம் ஒரு பத்திரம் வெளியிட்டது. இன்று 3,600 ரூபாய் கொடுத்தால் 2014 ஜனவரியில் 1,11,000 ரூபாய் தருவோம் என்றது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 18.5 சதவீதம். நாடெங்கும் பெற்றோர்கள் மகளின் கல்யாணத்தையும் மகனின் கல்லூரியையும் மனதில் வைத்து வாங்கினார்கள். இடையில் நாட்டில் வட்டி விகிதங்கள் சரிந்தன. பத்திரம் நிறுவனத்துக்குச் சுமையாகிவிட்டது. 2008ல் குஜராத் அரசு சட்டமே இயற்றி, 2009 ஜனவரியில் 50,000 ரூபாய் கொடுத்து பத்திரங்களை முடித்துக்கொண்டது. இன்னும் ஐந்து ஆண்டு காத்திருந்தால் 1,11,000 என்று நம்பியிருந்தவர்களுக்குப் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. பெண் குழந்தைகளுக்கென்றே 1990களில் யூனிட் டிரஸ்ட் கொண்டுவந்த ராஜலட்சுமி திட்டமும் முதிர்வுக்கு முன்பே முடித்துவைக்கப்பட்டது. 2001 ஜூலையில் அதே யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டம் விற்பனையையும் மீட்பையும் நிறுத்திவைத்தபோது, அரசு பெயர் இருந்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டது.

திருவிதாங்கூருக்கு இந்த வலி அதற்கும் முன்பே பழக்கம். 1937ல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக இருந்தும், 1938 ஜூனில் கதவை மூடியது. எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது.

2008ல் திருவனந்தபுரத்தை உலுக்கிய ‘டோட்டல் ஃபார் யூ’ விவகாரம் வேறு வகை. பெருத்த லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிறுவனத்தின் தலைவர், கல்லூரி மாணவர் வயதுடைய ஓர் இளைஞர். பணத்தைக் கொடுத்தவர்களில் படித்தவர்களும் வசதியானவர்களும் இருந்தார்கள். வங்கியைவிடப் பல மடங்கு லாபம் எப்படி வருகிறது என்று கேட்கத் தோன்றாததுதான் அவர்களது பொதுக் குணம்.

கூட்டுறவு நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. 2021ல் திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூரிலும், 2023ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கண்டலையிலும் கூட்டுறவு வங்கிகளின் முறைகேடுகள் வெளிவந்தபோது, முதலீட்டாளர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக வரிசையில் நின்றார்கள். இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. வங்கி முழுகினால் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்ப்புறத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பலகையில் ‘பாங்க்’ என்று எழுதியிருந்தாலும் அவை சட்டப்படி வங்கிகள் அல்ல என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் எச்சரித்தது. கூடுதலாகக் கிடைக்கும் அரை சதவீத வட்டிக்காகக் குழந்தையின் கல்விப் பணத்தை அங்கே வைப்பவர், எந்தப் பாதுகாப்பை இழக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

முதல் சம்பளம்

கழக்கூட்டத்தில் 1990ல் அமைந்த டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இங்கே முதல் சம்பளம் வாங்குகிறார்கள். கைபேசித் தவணை, பைக் தவணை, வார இறுதிப் பயணம் எல்லாம் முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகின்றன. சேமிப்பு மட்டும் ‘அடுத்த இன்கிரிமெண்டுக்குப் பிறகு’ என்று தள்ளிப்போகிறது.

தள்ளிப்போடுவதன் விலை இதுதான். 22 வயதில் மாதம் 3,000 ரூபாய் போடத் தொடங்கி 58 வயது வரை தொடர்பவருக்கு, 8 சதவீத வளர்ச்சியில் ஏறத்தாழ 75 லட்சம் சேரும். 32 வயதில் தொடங்குபவருக்கு 31 லட்சம்தான். முதலாமவர் கூடுதலாகப் போட்டது 3.6 லட்சம், கூடுதலாகப் பெற்றது 43 லட்சத்துக்கும் மேல். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறவர், தன் வாழ்க்கையின் மிக விலையுயர்ந்த பத்து ஆண்டுகளை விற்றுவிடுகிறார்.

நீண்ட காலம் கையில் இருப்பவர்களுக்குப் பங்குச் சந்தையும் ஒரு வழி. மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதத் தவணையாகப் போடும் முறை இளைஞர்களிடம் பரவிவிட்டது. ஆனால் சந்தை யாருடைய கல்லூரிச் சேர்க்கைத் தேதியையும் கேட்டு நடப்பதில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது. 2020ல் ஜனவரியில் 42,000. மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே. இரண்டு முறையும் காத்திருந்தவர்கள் மீண்டார்கள். அந்த மாதமே கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் மீளவில்லை. பணம் தேவைப்படும் நாளுக்கு இரண்டு, மூன்று ஆண்டு முன்பே அதைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து வைப்புக்கு மாற்றிவிடுவது விவேகம்.

தொடங்கும் முன்

சம்பாதிக்கும் பெற்றோருக்கு ஆயுள் காப்பீடு இல்லாமல் குழந்தைக்குச் சேமிப்பது, தூண் இல்லாமல் மாடி கட்டுவது போல. முதலில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, சேமிப்பையும் காப்பீட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தையின் பெயரில் போட்டுவிட்டால் வரி இல்லை என்பது தவறான நம்பிக்கை. அந்த வட்டி பொதுவாகப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

18 வயது நிறைந்ததும் கணக்கு தானாகவே பெரியவர் கணக்கு ஆகிவிடாது. புதிய கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் கொடுக்க வேண்டும். அதுவரை பரிவர்த்தனைகள் நின்றுபோகலாம். கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

பாஸ்புக்குகளின் பட்டியல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பத்து ஆண்டு யாரும் தொடாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் கேட்டால் திரும்பக் கிடைக்கும். அவற்றைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அப்பா எப்போதோ தன் பெயரில் போட்ட பணம் இருக்கிறதா என்று பார்க்க வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒரு வாய்ப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெற்றோர் தங்கள் முதுமையை மறந்துவிடாமல் இருப்பது. படிப்புக்குக் கடன் கிடைக்கும். முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் கேரளத்தில் அபூர்வக் காட்சியல்ல. தன் கடைசிக் காசையும் பிள்ளையின் பெயரில் போட்டுவிட்டு, பிறகு அதே பிள்ளையிடம் கை நீட்டுவது இருவருக்கும் பாரம்.

அந்த 2022 செப்டம்பர் இரவில் உடைந்த குடுக்கை ஒரு குடும்பத்துக்குக் கோடிகளைக் கொண்டுவந்தது. அந்த அதிர்ஷ்டத்தில் யாருக்கும் பொறாமை வேண்டாம். ஆனால் அது லட்சங்களில் ஒருவருக்கு நடப்பது. குடுக்கை நிறைந்ததும் குழந்தையின் கையைப் பிடித்து வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ அழைத்துப்போய், சில்லறையை எண்ணிக் கொடுத்து, பாஸ்புக்கில் அதன் பெயரை அதுவே படிக்கும்படி செய்வது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. அதற்குக் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.